சீப்பும் ஏணியும்

ராசாத்தி அக்காவுக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகள் இரண்டே இரண்டு. அவற்றின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கைப்பேசியின் மேல் விளிம்பில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் அவை மாறி மாறித் தோன்றும். E வந்தால் அக்கா அதைச் சீப்பு என்பார். மூன்று பல் மட்டும் மிஞ்சிய சீப்பு. H வந்தால் ஏணி. ஒரே ஒரு படி வைத்த ஏணி. சீப்பு நின்றால் பேச்சு மட்டும் போகும், ஏணி நின்றால் படம் அசையும். தொழில் தெரிந்தவர்கள் இவற்றை இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று சொல்வார்கள். அக்கா வைத்த பெயர்களில் பிழை எதுவும் இல்லை என்பதால் இந்தக் குறிப்பில் நான் அவற்றையே எழுதுகிறேன்.

அவர் என் பெரியப்பாவின் மகள். பிறந்தது குரும்பலூரில், 1971ஆம் ஆண்டு ஆவணி மாதம். பள்ளிப் பதிவேட்டில் காணும் ஜூன் மாதத் தேதி, சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் போட்டது. எங்கள் குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், சாவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவருபவன் நான்; அந்தத் தேதியை ஏற்கவில்லை. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கற்ற எழுத்துகளும் நாளடைவில் மறந்துபோயின. 1990இல் ஆண்டிமடத்துக்குக் கிழக்கே ஒரு முந்திரிக்காட்டுக் குடியிருப்பில் பாலசுந்தரம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1993இல் பூங்குழலி பிறந்தாள். முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் அண்டா உருண்டு விழுந்தும் குழந்தை திரும்பவில்லை என்று கண்டு, இரண்டரை வயதில் அவளைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு காதும் அறவே கேளாது என்று அங்கே சொன்னார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு மொழி உண்டாயிற்று. யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது அன்று. தேவைக்குத் தக்கபடி கையில் வந்தது. மேலுதட்டின்மேல் கட்டைவிரலை இழுத்தால் அப்பா. மூக்கைப் பிடித்தால் பக்கத்து வீட்டு வேணி, அவர் வீட்டில் எந்நேரமும் கருவாடு வறுபடுவதால். இடது கையை முஷ்டியாக்கி, அதன் நுனியில் வலது கை விரல்களால் சட்டென்று ஒரு திருகு திருகினால் முந்திரி. பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கும் அதே அசைவு. முந்திரிக்காட்டில் வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் அது நடக்கும் வேகத்துக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கியாக வேண்டும். ஆண்டிமடம் பக்கத்தில் ‘முந்திரி முடியட்டும்’ என்று ஒருவர் சொன்னால் அது மறுப்பு அன்று, சம்மதம். காதுகுத்து, கூரை மாற்றுவது, பெண் கொடுப்பது எதுவாயினும் மாசியில் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். கேட்டவர் மகிழ்ச்சியோடு எழுந்து போவார். அக்காவும் பூங்குழலியும் இதைக் கையால் சொல்வார்கள். உள்ளங்கையை முன்னால் தள்ளினால் ‘இப்போது வேண்டாம்’. உடனே ஒரு திருகு திருகினால் ‘முந்திரி முடிந்ததும்’. இரண்டும் சேர்ந்தது ஒரே சொல். தள்ளலோடு கை நின்றுவிட்டால் ‘வேண்டாம்’ என்பது மட்டுமே பொருள்.

பூங்குழலி விடுதியில் தங்கிக் காது கேளாதோர் பள்ளியில் படித்தாள். அங்கே பொதுவான சைகை மொழியும் எழுத்துத் தமிழும் கற்றாள். விடுமுறையில் வீட்டு வாசலில் கால் வைத்தவுடன் பள்ளிச் சைகைகளை மறந்து முந்திரிக்காட்டுக் கைக்குத் திரும்பிவிடுவாள். 2009இல் பாலசுந்தரம் மஞ்சள் காமாலையில் இறந்தார். 2012இல் அவளுக்கு ஓசூரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அக்கா காட்டில் தனியானார்.

கேளாத மகளிடமும் படிக்காத தாயிடமும் ஆளுக்கொரு கைப்பேசி இருந்தது. இரண்டும் அவர்களுக்கு உதவவில்லை. ஒரு மிஸ்டுகால் வந்தால் நலம், இரண்டு வந்தால் ஊருக்கு வருகிறேன் என்று வைத்திருந்தார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லிக்கொள்ள வழியில்லை. பூங்குழலி எழுத்தில் அனுப்பினால் வேணிதான் படித்துச் சொல்ல வேண்டும். “வேணி நல்லவதான். ஆனா எம்பொண்ணு எனக்குச் சொல்றதை அவ வாயால ஏன் நான் கேக்கணும்?” என்று அக்கா ஒருமுறை என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மகளும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அவள் எழுதியவற்றில் சாப்பாடும் மழையும் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை.

அக்காவின் கொழுந்தன் கொளஞ்சி, கைப்பேசி அலைக்கோபுரங்களின் வேகத்தைச் சோதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் கார் ஓட்டுநர். பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் கம்பிகளும் கைப்பேசிகளும் நிறைந்த ஒரு காரை மெதுவாக ஓட்டிச் செல்வது அவர் வேலை. பின்னிருக்கையில் இன்ஜினியர் கணினியில் வேகத்தைப் பதிவு செய்வார். ஓட்டியே பழகியவர் கொளஞ்சி. அவருக்கு எந்த வளைவில் அலை விழும், எந்த மேட்டில் எழும் என்பது மனப்பாடம். 2014 ஐப்பசியில் அவர் ஒரு பழைய தொடுதிரைக் கைப்பேசியோடு அண்ணியிடம் வந்தார். வீட்டில் பார்த்தார், களத்தில் பார்த்தார், கடைசியில் முந்திரிக்காட்டுக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய மண்மேட்டில் ஏறி நின்றார்.

“அண்ணி, இங்க வாங்க. மேல பாருங்க, எச்சு வந்திருக்கு.”

“எச்சா? அந்தக் கருமத்தை ஏன்டா போன்ல காட்டுற?”

“ஐயோ, எழுத்து அண்ணி. எச்சுன்னு ஒரு எழுத்து. இது வந்தா நெட்டு ஓடும். கீழ வூட்டுல ஈதான் நிக்குது.”

“ஈ, எச்சின்னு நல்லாத்தான் பேரு வெச்சிருக்கானுங்க. எனக்கு இது ஏணி மாதிரி இருக்குது. அது சீப்பு.”

அன்று மூன்று மணிக்குப் பூங்குழலி திரையில் வந்தாள். கொளஞ்சி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். அக்கா கைகள் இரண்டையும் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். மகள் அங்கிருந்து, “என்ன, கை மறந்துவிட்டதா?” என்று கேட்டாளாம். இதை எனக்குச் சொல்லும்போதெல்லாம் கொளஞ்சி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்கு அக்கா மேட்டில் இருப்பார். எதிரே நட்ட கவைக்குச்சியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தால் இரு கையும் பேச்சுக்குக் கிடைக்கும். மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் மகன்களின் தாய்மார், குவைத்துக்குப் போன கணவனிடம் குழந்தையைக் காட்ட வரும் பெண்கள். வரிசை வைத்துப் பேசினார்கள். “ராசாத்தி, ஒன் ஏணி நிக்குதா பாரு” என்று கேட்டுக்கொண்டே மேடேறுவார்கள். ஒரு வருடத்துக்குள் அந்த மண்மேட்டுக்கு ஏணிமேடு என்றே பெயராயிற்று. ஆடு மேய்ப்பவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். நானும் இரண்டு ஞாயிறுகளில் அங்கே போய் நின்றிருக்கிறேன். வரிசையிலிருக்கும் பெண்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டு அக்காவின் கைகளையே பார்த்திருப்பார்கள். சத்தமே இல்லாமல் தாயும் மகளும் சிரிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று வரிசைக்குப் புரியாது, அதனால் அந்த மேட்டில் ரகசியம் பேச முடிந்தது அவர்கள் இருவரால் மட்டும்தான். அந்த மூன்று மணி வெயில் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 21, ஞாயிறு. முந்திரி பூத்துத் துளிர்விட்டிருந்தது. ஏணி நின்றது. பூங்குழலி தன்னுடன் வேலை செய்யும் பாலாஜி என்பவரைத் திரைக்குள் இழுத்துக் காட்டினாள். அரூர் பக்கம், அவருக்கும் கேளாது. கன்னத்தில் ஒரு விரலைக் குத்தி, அவர் பெயர் அது என்றாள். சிரித்தால் அவருக்கு அங்கே குழி விழும். பிறகு அவரை அனுப்பிவிட்டு, கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று தாயிடம் கேட்டாள்.

அக்கா உள்ளங்கையைத் தள்ளினார்; திருகினார். முந்திரி முடியட்டும்.

மகள் ஒரு கணம் அசையாமல் பார்த்தாள். தலை குனிந்தாள். தொடர்பு அறுந்தது. வெட்கப்படுகிறாள் என்று அக்கா நினைத்தார். மேட்டை விட்டு இறங்கும்போது வேணியிடம், “எம்பொண்ணு மாப்ள பாத்துட்டா” என்று வாய்விட்டே சொன்னார்.

அடுத்த ஞாயிறுகளிலும் பூங்குழலி வந்தாள். உடம்பு, சாப்பாடு, மழை. அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருக்கிறாள் என்று அக்காவுக்குப் பெருமை. அந்த ஆண்டு முந்திரி நன்றாகவும் வந்தது. ஜூன் இரண்டாம் வாரம் அக்கா என்னிடம் தொலைபேசியில் பேசினார்.

“முத்துவேலு, முந்திரி முடிஞ்சுது. அரூருக்குப் போய் மாப்ள வூட்டைப் பாக்கணும், நீயும் வரணும். நம்ம நோட்டுல அவுங்க பேரெல்லாம் எழுதிக்க.”

“மாப்பிள்ளைக்கு அப்பா பேர் என்னக்கா?”

“அது எனக்கெங்க தெரியும்? மாப்ள பேரே எனக்கு இதான்,” என்றார். எதைக் காட்டினார் என்று தொலைபேசியில் எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் பெயர், ஊர் இல்லாமல் எதையும் குறிப்பேட்டில் ஏற்றும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே பூங்குழலிக்கு எழுதிக் கேட்டேன். ஜூன் 16, வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அவள் வேலைக்குள் நுழையும் முன், பதில் வந்தது. அவள் எழுத்துத் தமிழ் அவளுக்கே உரிய முறையில் இருக்கும். அதை அப்படியே படி எடுத்து வைத்திருக்கிறேன்.

‘மாமா. எந்த மாப்பிள்ளை கேட்கிறீர்கள். அம்மா வேண்டாம் சொன்னது மாசி மாதம். பாலாஜியிடம் நான் முடிந்தது சொல்லிவிட்டேன். நாளை வெள்ளி அரூரில் அவருக்கு வேறு பெண் பூ வைக்கிறார்கள். இன்று மாலை 5 மணி பஸ் அவர் போகிறார்.’

அம்மா சம்மதித்துத்தான் சொன்னாள், முந்திரி முடியட்டும் என்று சொன்னாள் என்று எழுதினேன். நான்கு முறை வெவ்வேறு விதமாக எழுதினேன். ஒரே பதில்தான் வந்தது.

‘நீங்கள் நல்ல மாமா. ஆறுதல் சொல்கிறீர்கள். அம்மா கை நான் பார்த்தேன்.’

உடனே கொளஞ்சியை அழைத்தேன். நல்வாய்ப்பாக அன்று இன்ஜினியர் திருச்சிக்குப் போயிருந்தார். சோதனைக் கார் ஜெயங்கொண்டத்தில் சும்மா நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கொளஞ்சி காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கா களத்தில் கடைசிக் கொட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இனி வருவது கொளஞ்சி சொன்னதும், அக்கா திருத்தியதும்.

“அண்ணி, பூங்குழலிக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“சரின்னேன். ஏன்?”

“அது வேண்டாம்னு பாத்திருக்கு. நாளைக்கு அந்தப் பையனுக்கு வேற பொண்ணு.”

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். “எப்புடிடா? அது மூஞ்சி எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. மூக்குத்திக் கல்லு மின்னுனது தெரிஞ்சுது. எங்கையி மட்டும் அதுக்குத் தெரியலியா? கண்ணுமா போயிடுச்சு அதுக்கு?”

“வர்ற வேகம் வேற, போற வேகம் வேற அண்ணி. டவரு மைக்செட்டு மாதிரி. அது கத்துனா இங்க கேக்கும். ஒங்க போனு முணுமுணுக்குது, அது அங்க போய்ச் சேரணுமே. நடுவுல முந்திரி எல வேற, மாசியில புதுத் துளிரு. ஒங்க படம் அதுக்கு நின்னு நின்னுதான் போயிருக்கும். கையைத் தள்ளுனீங்களா? அதோட நின்னிருக்கும். திருகுனது போயிருக்காது.”

“அப்ப ஏணி நின்னுதேடா!”

“நின்னுது. அதுல எறங்கலாம். ஏறத்தான் முடியாது.”

“ஏற முடியாதது என்னடா ஏணி?” என்று அக்கா கத்தினார். ஆடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஒன்றரை ஆண்டுக்கு மேலாக மேட்டில் நடந்த பேச்சு முழுவதும் இப்படித்தான் போயிருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ‘சாப்பிட்டாயா’ என்பதில் பாதி போனாலும் மகள் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டாள். பழகிய சொற்களை அப்படி நிரப்பலாம். பதில் தெரியாத கேள்விக்கு அது நடக்காது.

கையசைவைப் படமாகப் பிடித்து அனுப்பலாம் என்று நான் கொளஞ்சியிடம் சொல்லியிருந்தேன். மேட்டில் பிடித்தார்கள். அனுப்பும் வட்டம் கால்மணி நேரம் சுற்றிவிட்டு நின்றுபோயிற்று. “போவாட்டிப் போவட்டும்,” என்றார் அக்கா. “அது மூஞ்சியைப் பாக்காம நான் எதைச் சொல்ல? எங்க ஏற முடியுமோ அங்க கூட்டிட்டுப் போ.”

கார் புறப்படும்போது ஒன்றரை. தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை நான்கு மணிக்கு, பதினைந்து நிமிடம். வேலைக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு முன் கைப்பேசியைத் தொட முடியாது. அதற்குப் பின் பாலாஜி பேருந்துக்குப் புறப்பட்டுவிடுவார். ஆண்டிமடம் கடைத்தெருவில் சீப்பும் ஏணியும் மாறி மாறி வந்தன. ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தில் ஏணி உறுதியாக நின்றது. அக்கா இறங்கப் போனார், கொளஞ்சி விடவில்லை.

“இந்த ஏணியில இப்ப ஆயிரம் பேரு தொங்குறான் அண்ணி. இன்னொரு தடவை பாதியில நின்னா நான் ஒங்க மூஞ்சியில முழிக்க முடியாது. அரியலூருல புது டவரு ஒண்ணு சோதனைக்கு விட்டிருக்காங்க. ரோடு போட்டாச்சு, வண்டி இன்னும் வுடல. காலியா கெடக்கு.”

நான் பெரம்பலூரிலிருந்து பேருந்தில் கிளம்பி, அரியலூருக்குச் சற்று முன்னால் அவர் சொன்ன கோபுரத்தின் அருகே இறங்கிக் காத்திருந்தேன். சாலையோரம் முழுவதும் சுண்ணாம்புக்கல் தூசி; சிமென்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மூன்று ஐம்பதுக்குக் கார் வந்தது. கொளஞ்சி சோதனைக் கைப்பேசியில் அளந்தார். இறங்கும் வேகம் நாற்பது, ஏறும் வேகம் பன்னிரண்டு.

“மேட்டுல ஏறுனது இதுல அம்பதுல ஒரு பங்கு இருக்காது மச்சான்,” என்றார் என்னிடம்.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். சீப்பும் இல்லை, ஏணியும் இல்லை. “என்னடா இது, நாற்காலியைக் கவுத்துப் போட்டிருக்கு?”

“நாலு அண்ணி, நாலு.”

முந்திரிக்கொட்டை ஓட்டின் பாலில் அவர் விரல்கள் கறுத்து, நுனித் தோல் உரிந்திருந்தன. காரிலிருந்த தண்ணீரை வாங்கி முழங்கைவரை கழுவினார். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கோபுரத்தின் சுற்றுச்சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குப் பூங்குழலி வந்தாள். நீலச் சீருடை, தலையில் வலைத்தொப்பி. முகத்தில் எதுவும் இல்லை. அக்கா தாமதிக்காமல் உள்ளங்கையைத் தள்ளினார்.

அவசரத்தில் செய்த பிழை அது. தள்ளிய கையைப் பார்த்ததும் மகள் கண்ணைத் தாழ்த்திவிட்டாள். திருகு அவள் பார்க்காத இடத்தில் நடந்தது. பன்னிரண்டு வேகத்தில் குறைவில்லாமல் ஓசூர் போய்ச் சேர்ந்தது. வாங்கிக்கொள்ளக் கண் இல்லை.

“ஏ! பாருடி! இங்க பாருடி!” என்று அக்கா கத்தினார். வீட்டிலென்றால் தரையைக் காலால் உதைப்பார், அதிர்வில் அவள் திரும்புவாள். பழக்கத்தில் அரியலூர்ச் சாலையையும் ஓங்கி உதைத்தார். கொளஞ்சிதான் யோசித்தார். உள்ளங்கையால் கேமராவை மூடி மூடித் திறந்தார். ஓசூரில் திரை இருண்டும் வெளுத்தும் மாறியிருக்க வேண்டும். பூங்குழலி நிமிர்ந்தாள்.

இம்முறை அக்கா திருகை முதலில் செய்தார். மறுபடி செய்தார். முந்திரி, முந்திரி. மகள் புருவத்தைச் சுருக்கினாள்: முந்திரிக்கு என்ன? அக்கா ஒரு விரலை உயர்த்தி நிறுத்தினார், அன்றைக்கு, என்றார், பாலாஜியின் கன்னக்குழியைக் காட்டினார், பிறகு உள்ளங்கையைத் தள்ளி, திருகினார். தள்ளி, திருகினார். இரண்டும் சேர்ந்தே.

பூங்குழலி தன் கையால் அதைத் திருப்பிச் செய்து பார்த்தாள். தள்ளினாள். நிறுத்தினாள். அங்கே நின்றதைத்தான் நான்கு மாதமாகச் சுமந்திருக்கிறாள். மெல்லத் திருகினாள். இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

‘முந்திரி முடிந்ததா?’ என்று கேட்டாள்.

‘முடிந்தது,’ என்றார் அக்கா.

அடுத்த கணம் படம் துள்ளியது. கைப்பேசியைப் பிடித்தபடியே அவள் ஓடினாள். விளக்குகள், தரை, வரிசையாக நீலச் சட்டைகள், ஒரு படிக்கட்டு, மீண்டும் தரை. ஒரு நொடிகூட நிற்காத படம். நாங்கள் மூவரும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு பார்த்தோம். “வுழுந்துறப் போறா,” என்றார் கொளஞ்சி. பிறகு தோளில் பையோடு பாலாஜி. பூங்குழலி கைப்பேசியை எங்கோ சாய்த்து வைத்தாள். அவள் அவரிடம் பேசியது பள்ளிச் சைகையில்; எங்களில் யாருக்கும் புரியவில்லை. அவர் ஒருமுறை கடுமையாக ஏதோ சொன்னார், அவள் அழுதாள். கடைசியில் பையைக் கீழே இறக்கி, எங்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். குழி விழவில்லை. இடைவேளை முடிந்து படம் அணைந்தது.

நாங்கள் அங்கேயே காத்திருந்தோம். அவள் வேலை விட்டதும், ஐந்து பத்துக்கு, ‘பாலாஜி பஸ் ஏறவில்லை. தன் அக்கா மூலம் வீட்டில் பேசுகிறார்’ என்று வந்தது. நான் படித்துச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, “அந்த இன்னொரு பொண்ணு யாரோ. பூ வாங்கி வெச்சிருப்பாங்க,” என்றார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் அடுத்தது வந்தது: ‘நாளை நின்றது. அவர் அப்பா மிகவும் கோபம். ஞாயிறு நம் வீட்டுக்கு வருகிறார்கள்.’ அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். கொளஞ்சி சாலைக்கு அப்பால் போய் மூன்று டீ வாங்கி வந்தார்.

கல்யாணம் அவ்வாண்டு ஆவணியில், ஆண்டிமடத்தில். பாலாஜியின் தந்தை தாலி கட்டும்வரை சிரிக்கவில்லை. பந்தியில் முந்திரிக்கொத்து இரண்டாம் முறை வந்தபோது சிரித்தார்.

இப்போது 2025. காட்டிலேயே புதுக் கோபுரம் நிற்கிறது. கைப்பேசியில் ஐந்து என்று காட்டுகிறது. அக்கா அடுப்படியில் வேலை செய்தபடியே திரையில் பேரனிடம் கையால் பேசுகிறார். அவன் ஏழு வயது, காது கேட்பவன், கைமொழி, வாய்மொழி இரண்டும் அறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பழைய அலைவரிசையை நிறுத்திவிட்டார்கள். “ஏணியைக் காணோம்டா, ஒரு வாரமா வரல,” என்று அக்கா கொளஞ்சிக்குப் போன் செய்தாராம், அதன் தேவை தீர்ந்து ஐந்து ஆண்டு ஆன பிறகும். மேட்டுக்கு இப்போது யாரும் போவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பேசுகிறார்கள். சிங்கப்பூர் மகன்களின் தாய்மாரை அக்கா வாரக்கணக்கில் பார்ப்பதில்லை. “அன்னைக்கு அரைகொறையாத்தான் பேசுனோம்,” என்றார் சென்ற மாதம். “ஆனா ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருந்துச்சு.”

அன்று நான் போயிருந்தது குறிப்பேட்டைப் புதிதாகப் படி எடுப்பதற்காக. அவர் பக்கத்தை அவருக்கே படித்துக் காட்டினேன். ‘பூங்குழலி திருமணத்துக்குத் தாய் சம்மதம் தந்தது: 16-6-2016’ என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்.

“அது தப்பு.”

“அரியலூர் ரோட்டுல நின்னோமேக்கா. நானும் இருந்தேன்.”

“நின்னோம். ஆனா நான் சரின்னு சொன்னது மாசியில. அது போய்ச் சேர ஆனி ஆயிடுச்சு. சேரலங்கறதுக்காக நான் சொல்லாதவளா ஆயிடுவேனா?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. அந்த வரியை அடித்துவிட்டு, இரண்டு வரியாக எழுதிப் படித்துக் காட்டினேன். தாய் சம்மதம் சொன்னது: 21-2-2016, மாசி 9, ஞாயிறு. மகளுக்குக் கிடைத்தது: 16-6-2016, ஆனி 2, வியாழன். அக்கா இரண்டையும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார், படித்தேன். பேரன் திரையில் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.